எண்பத்தாறு கிலோ

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். உன் நலம் எனக்குத் தெரியும். என் நலத்தைத்தான் டாக்டர் உன் எதிரிலேயே போட்டு உடைத்துவிட்டாரே. "நூத்தி நாலு கிலோ. இந்த உடம்புல கத்தி வெச்சா உங்களுக்கே ஆபத்து. எண்பத்தாறுக்கு வாங்க, அன்னிக்கே ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிறேன்." ரத்தம் பொருந்திவிட்டது, என் கிட்னி உனக்குப் பொருந்திவிட்டது, குறுக்கே நிற்பது என் தொப்பை ஒன்றுதான். மே ஏழாம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். நாலு மாதத்தில் பதினெட்டு கிலோ.

அன்று வராந்தாவில் நீ சொன்னதை மறக்கவில்லை. "போன்ல வேணாம். போன்ல நீங்க நல்லாப் பேசுவீங்க. எழுதுங்க. என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு நடந்தீங்க, எல்லாம் தேதி போட்டு எழுதுங்க." ஒன்பது வருடத்துக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அம்மா ஒரு தாள் கொடுத்தார். ரொட்டி கிடையாது, சோறு கிடையாது, சர்க்கரை, உருளைக்கிழங்கு கிடையாது. "மாவுன்னு பேர் இருக்கற எதுவும் வாய்க்குள்ள போகக் கூடாது. நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார். "பேக்கரி வெச்சிருக்கேன்" என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன், உன் அண்ணி சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இன்றைய கணக்கு. காலை: அவித்த முட்டை இரண்டு, கீரை, சர்க்கரை இல்லாத டீ. மதியம்: மீன் ஒரு துண்டு, முட்டைக்கோஸ், கொஞ்சம் தயிர். சாயங்காலம் ஒன்றும் இல்லை, பசித்தது. இரவு: கோழி சூப், வெள்ளரிக்காய். நடை: வீட்டுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் நாலு சுற்று. மூன்றாவது சுற்றில் உன் அண்ணி என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 17

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. இதை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசி, அசைக்கக் கூடாது. வலது கை சும்மாதான் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கொஞ்சம் தயிர்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் என்பது ஒரு அளவா? பதினைந்து வருடமாகப் பள்ளிக்கூட ஆபீசில் வருகைப் பதிவேடு பார்க்கிறேன். "கொஞ்சம் பேர் வந்தார்கள்" என்று எழுதினால் தலைமையாசிரியர் என்னை விடுவாரா? கரண்டிக் கணக்கில் எழுதுங்கள். கீரை எத்தனை கிண்ணம் என்றும் காணோம். சுற்று என்றால் எத்தனை மீட்டர் என்று விசாரித்து எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை ஓட்டை போட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன். இனி வருவதையும் வைப்பேன். வாயால் சொன்னதை நம்பி ஒருமுறை நான் பட்டது போதும் என்பதால் வைக்கிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. "என்னம்மா, இந்தக் காலத்துல லெட்டரா?" என்று எட்டிப் பார்த்தார். உங்கள் பட்டியலைப் படித்துக் காட்டினேன். "இதுக்கு நம்ம ஆஸ்பத்திரிச் சாப்பாடே தேவலையே" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். யாருக்காகவும் இதைச் செய்ய வேண்டாம். நடுவில் முடியாது என்று தோன்றினால், முடியாது என்று எழுதிவிடுங்கள். முடியாது என்பதை நான் தாங்கிக்கொள்வேன். முடியும் முடியும் என்று சொல்லிக் கடைசியில் கைவிரிப்பதைத்தான் தாங்க மாட்டேன்.

தங்கை


ஜனவரி 26

அன்புள்ள சுண்டெலிக்கு,

நீங்கள், உங்கள் என்று எழுதியிருக்கிறாயே, நான் என்ன உன் தலைமையாசிரியரா? என் முதுகில் ஏறி உட்கார்ந்து தலைமுடியைப் பிடித்து வண்டி ஓட்டியவள் நீ. எனக்கு இன்று மண்டையில் முடி இல்லாததற்குப் பாதிக் காரணம் நீதான்.

ஒரு சுற்று நானூறு மீட்டர். காவலாளியிடம் கேட்டுவிட்டேன். இப்போது ஏழு சுற்று நடக்கிறேன். தயிர் நாலு கரண்டி, கீரை ஒரு கிண்ணம். பட்டியலைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன், தினம் தினம் எழுதியது.

பெரிய செய்தி இது: எடை தொண்ணூற்றாறரை! பதினேழு நாளில் ஏழரை கிலோ போயிருக்கிறது. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இல்லை. ஒன்று வாங்கலாம் என்றாள் அண்ணி. கடையில் மாவு நிறுக்கிற மெஷின் மலைமாதிரி நிற்கும்போது எதற்கு வாங்க வேண்டும்? மனுஷனுக்கு ஒரு மெஷின், மாவுக்கு ஒரு மெஷினா? அதன்மேல் எப்போதும் இருக்கிற மாவுத் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு நான் ஏறி நின்றேன். முள் தொண்ணூற்றாறரையில் நின்றது. மாவு பிசைகிறவரைக் கூப்பிட்டுச் சாட்சிக்குப் பார்க்கச் சொன்னேன். அவரும் பார்த்தார்.

ஆலோசகர் அம்மாவுக்குப் போன் செய்தேன். "மாவுச் சத்தைக் குறைச்சா மொதல்ல தண்ணிதான் இறங்கும். ரொம்ப சந்தோஷப்படாதீங்க" என்றார். நான் ஏற்கெனவே சந்தோஷப்பட்டுவிட்டேன். இனி என்ன செய்ய முடியும்?

முடியாது என்று எழுதுவதற்கு இங்கே ஆள் இல்லை.

உன் அண்ணன்


பிப்ரவரி 14

அண்ணா,

தொண்ணூற்றாறரை என்று படித்ததும் நடத்துநர் விசில் அடித்தார். நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனாள். இப்போதெல்லாம் நான் வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "உங்கண்ணன் இன்னிக்கு என்ன சாப்பிட்டார்?" என்பதுதான். என் ரத்தம் குழாயில் போய் வருகிற நேரத்தில் உன் முட்டையையும் முட்டைக்கோஸையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

உனக்கு மாவு கிடையாது, எனக்குத் தண்ணீர் கிடையாது. ஒரு நாளைக்கு அரை லிட்டர். டீ, சூப், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் சேர்த்து. ஐஸ் கட்டி ஒன்றை வாயில் வைத்துக் கரையவிட்டால் கொஞ்சம் நேரம் ஓடும். உன் மாப்பிள்ளை என் எதிரில் தண்ணீர் குடிக்க மாட்டார். மின்வேலை முடித்து வேர்த்துக் கொட்டிக்கொண்டு வருவார், நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

பட்டியலோடு வேறு விஷயமும் எழுது. பசி எப்போது வருகிறது, வந்தால் என்ன செய்கிறாய், அண்ணி என்ன சொன்னாள், மைதானத்தில் யாரைப் பார்த்தாய். நாலு மணி நேரம் நீளமாக இருக்கிறது. முட்டை இரண்டு என்பதை அரை நிமிடத்தில் படித்துவிடுகிறேன்.

தங்கை

பி.கு.: "கொஞ்சம்" என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். பார்த்துவிட்டேன். நீ சொல்லிக்காட்ட வேண்டாம்.


மார்ச் 10

அன்புள்ள சுண்டெலிக்கு,

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வாரமாக எடை இறங்கவே இல்லை. பட்டியல் சுத்தம், நடை பன்னிரண்டு சுற்று. எங்கே தப்பு என்று தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் மாவு பிசைகிறவர்தான் கண்டுபிடித்தார். "மொதலாளி, நீங்க மென்னுக்கிட்டே இருக்கீங்க." பதம் பார்க்க ஒரு கிள்ளு மாவை வாயில் போடுவது என் இருபத்தாறு வருடப் பழக்கம். வெந்ததும் ஓரத்தைப் பிய்த்துப் பார்ப்பதும் அப்படித்தான். அது சாப்பாடு என்றே எனக்குத் தோன்றியதில்லை. உனக்கு எழுதவும் தோன்றவில்லை. நான் மறைக்கவில்லை, நம்பு. கை தானாகப் போகிறது, வாய் தானாகத் திறக்கிறது.

இப்போது வேலை நேரத்தில் கைக்குட்டையால் வாயைக் கட்டிக்கொள்கிறேன். வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்று அம்மா சொல்லும்போதெல்லாம் கேட்காதவன், இப்போது நிஜமாகவே கட்டிக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்கள் சளியா என்று கேட்கிறார்கள். இந்த வாரம் தொண்ணூற்றொன்றரை.

பசி வருவது காலை பத்து மணிக்கு, இரண்டாவது அடுப்பு ரொட்டி வெளியே வரும்போது. அந்த வாசனை பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. பின்கட்டுக்குப் போய் வெள்ளரிக்காயைக் கடிப்பேன். வெள்ளரிக்காய் என்ன பாவம் செய்ததோ.

நடக்கும்போது நிறைய யோசிக்கிறேன். அப்பாவைப் பற்றியும். உன்னிடம் ஒருநாள் உட்கார்ந்து சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உன் அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணா,

நான் ஆரம்பிக்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். நான் தினமும் உனக்குப் போன் செய்தேன். தினமும் "அப்பா நல்லா இருக்கார், இப்பதான் சூப் குடிச்சார்" என்று சொன்னாய். நீ சூப் குடித்தார் என்று சொன்ன கடைசி நாளில் அவர் வாயில் குழாய் இருந்தது. நான் வந்தபோது வீட்டு வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. அந்தச் செருப்புகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அண்ணா. உன் வாயால் அப்போதும் வரவில்லை.

எழுதிவிட்டேன். இதற்குப் பதில் எழுதாதே. உன் கிட்னி எனக்குள் வந்து உட்கார்ந்தபிறகு பேசிக்கொள்வோம். அப்போது நீ எங்கே ஓட முடியும்?

இந்த வாரம் கால் வீக்கம் குறைவு. கிள்ளு மாவு கதையை நடத்துநர் மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

உன் சுண்டெலி


ஏப்ரல் 30

சுண்டெலி!

எண்பத்தாறு! இன்று காலை. முள் அசையாமல் நின்றது. மாவு பிசைகிறவரும் அண்ணியும் சாட்சி. அண்ணி அழுதுவிட்டாள். பேன்ட் நிற்காமல் சணல் கயிறு கட்டியிருக்கிறேன், அதைப் பார்த்துத்தான் அழுதாளோ என்னவோ.

ஏழாம் தேதி காலையில் அங்கே இருப்பேன். நீ பச்சைத் தண்ணீரை வயிறு முட்டக் குடிக்கிற நாளுக்குத் தேதி வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன்.

உன் அண்ணன்


மே 9

அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரி மெஷினில் தொண்ணூற்றொன்று. இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். உங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் எழுந்து போனேன்.

பஸ்ஸில் வரும்போது ஏறியிருக்கும் என்று சொன்னீர்கள். ஐந்து கிலோவா? சின்னப் பிள்ளைகூட நம்பாது. கோப்பு முழுவதும் எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாம் தேதி போட்டு, அளவு போட்டு, அழகாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா விஷயத்திலும் இப்படித்தான் அழகாகச் சொன்னீர்கள்.

கொடுக்க மனமில்லை என்றால் ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாம். நான் கேட்கவே இல்லையே. நீங்களாகத்தானே வந்தீர்கள்.

ஜூலை கடைசிக்கு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

தங்கை


மே 14

அன்புள்ள தங்கைக்கு,

இதை மட்டும் படித்துவிடு. பிறகு கிழித்துப் போட்டாலும் சரி.

ஊருக்கு வந்ததும் நேராகக் கடைக்குத்தான் போனேன். மெஷின்மேல் ஏறினேன். எண்பத்தாறு. இறங்கி, ஒரு கிலோ கல்லை மட்டும் எடுத்து வைத்தேன். முள் அசையவே இல்லை. இரண்டு கிலோ வைத்தேன். அசையவில்லை. ஆறு கிலோ வைத்தபோது ஒன்று காட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாவுத் தொட்டி காலியாக ஐந்து கிலோ. தினமும் தொட்டியோடு நிறுத்துத் தொட்டியைக் கழிக்க வேண்டாம் என்று, எட்டு வருடத்துக்கு முன்னால் நானே முள்ளை ஐந்து கிலோ பின்னால் தள்ளி வைத்தேன். பூஜ்ஜியத்துக்குக் கீழே முள் போகாமல் ஒரு ஆணி தடுக்கும். அதனால் மெஷின் காலியாக இருந்தாலும் முள் பூஜ்ஜியத்தில்தான் நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. தொட்டியை இறக்கிவிட்டு நான் ஏறினேன். அது என்னிடமிருந்தும் தொட்டியைக் கழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் தடவை ஏழரை கிலோ என்று குதித்தேனே, அதில் ஐந்து கிலோ தொட்டி. தண்ணீர் என்று ஆலோசகர் அம்மாவும் நம்பினார், நானும் நம்பினேன்.

இதைக் கண்டுபிடித்ததும் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். கொடுக்க மனமில்லாதவன் இல்லை நான். முட்டாள். இரண்டும் வேறு வேறு. அப்பா விஷயத்தில் செய்தது வேறு, அது பொய்தான், அதற்கு எந்தத் தண்டனையும் கொடு. இதற்கு மட்டும் பொய்யன் என்று சொல்லாதே.

இன்று மருந்துக்கடை மெஷினில் தொண்ணூறரை. இருபது சுற்று நடந்தேன்.

அண்ணன்


மே 25

அன்புள்ள அண்ணா,

படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. நடத்துநர், "தொட்டிக்கும் சேர்த்து டயட் இருந்திருக்காரே மனுஷன்" என்றார். நான் எழுதியதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மே ஒன்பதாம் தேதி கடிதத்தைக் கிழித்துவிடு. எனக்கு மூக்குக்குமேல் கோபம் வருவது புதிதா? உன்னைத் தவிர வேறு யாரிடம் கோபப்படுவேன்.

கையில் ஊசி போடுகிற இடம் அடைத்துக்கொண்டது. இப்போதைக்குக் கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். பயப்படாதே, நிறையப் பேருக்கு வைப்பார்களாம். ஜூலை வரைதானே. இரண்டு கையும் சும்மா இருப்பதால் எழுதச் சுகமாக இருக்கிறது.

அவசரப்பட்டு ஒரேயடியாகப் பட்டினி கிடக்காதே. நீ மயங்கி விழுந்தால் அண்ணி என்னைச் சும்மா விடமாட்டாள்.

உன் சுண்டெலி


ஜூலை 4

அன்புள்ள அண்ணா,

உன் கடிதங்கள் வாரம் இரண்டு வந்துவிடுகின்றன. எண்பத்தெட்டு என்று படித்தேன். சந்தோஷம்.

பெரிய டாக்டர் லீவில் போகிறாராம். அதனால் உன் தேதி ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போகிறது. நீ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்க வேண்டாம். நச்சரித்தால் அவர்களுக்குப் பிடிக்காது. நானே எழுதுகிறேன்.

நீ மட்டும் விடாமல் எழுது. நீளமாக எழுது. என்னால் முன்போல எழுத முடியவில்லை, சீக்கிரம் களைத்துவிடுகிறது. வேறு ஒன்றும் இல்லை, வெயில்தான்.

உன் சுண்டெலி


ஆகஸ்ட் 10

அன்புள்ள சுண்டெலிக்கு,

எண்பத்தாறு! இந்தத் தடவை மருந்துக்கடை மெஷின், ரயில் நிலைய மெஷின், காய்கறி மண்டி மெஷின், மூன்றிலும் ஏறிவிட்டேன். மண்டிக்காரன் என்னைத் தக்காளிக் கூடை மாதிரி பார்த்தான். செருப்பைக் கழற்றினால் எண்பத்தைந்தே முக்கால்.

இன்றைய கணக்கு: முட்டை இரண்டு, காளான் ஒரு கிண்ணம். மதியம் கோழி இரண்டு துண்டு, காலிஃபிளவர். இரவு தயிர் நாலு கரண்டி, அவ்வளவுதான். நடை இருபத்தைந்து சுற்று, பத்து கிலோமீட்டர். காவலாளி என்னை "கடிகாரம்" என்று கூப்பிடுகிறான். அண்ணிக்கு என் கன்னம் ஒட்டிப்போனது பிடிக்கவில்லை.

இனி எதற்குக் காத்திருக்க வேண்டும்? பெரிய டாக்டர் லீவில் இருந்தால் வேறு டாக்டர் இல்லையா? நச்சரிக்காதே என்று சொன்னாய், கேட்டுக்கொண்டேன். ஆனால் உன் கடிதம் வரவர நாலு வரி, மூன்று வரி என்று ஆகிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள் ஆஸ்பத்திரிக்கு நானே போன் போடப்போகிறேன்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 15

அன்புள்ள அண்ணா,

போன் போடாதே. போட்டால் அவர்கள் வாயால் கேட்பாய். என் கையால் எழுதியதைத்தான் நீ முதலில் படிக்க வேண்டும். இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

ஆபரேஷன் கிடையாது. தள்ளிப்போகவில்லை, கிடையாது. ஜூன் பதினெட்டாம் தேதியே முடிவாகிவிட்டது. கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி போய் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டது. எந்த ஆபரேஷனையும் இனி உடம்பு தாங்காதாம். பெரிய டாக்டர் லீவில் எல்லாம் போகவில்லை. வாரம் ஒருமுறை வந்து கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார். "எங்கண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று ஆஸ்பத்திரி ஆபீசில் சொல்லிவைத்தேன். உன் மாப்பிள்ளையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். பாவம், இரண்டு மாதமாக உன் போனை எடுக்கப் பயந்துகொண்டிருக்கிறார்.

நீ கணக்குப் போடுவாய் என்று பயந்தேன், அண்ணா. மே மாதமே நடந்திருந்தால், கழுத்தில் குழாய் வந்திருக்காது, குழாய் இல்லையென்றால் கிருமி இல்லை என்று போய் அந்தத் தொட்டியில் வந்து நிற்பாய். டாக்டரிடம் இதைக் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா, எப்படியும் வந்திருக்கலாம்" என்றார். அவரால் சொல்ல முடியாததை நீயும் சொல்லாதே. கணக்குப் போடாதே.

இது நல்ல காரணம். இன்னொன்று இருக்கிறது, அது அவ்வளவு நல்லது இல்லை. ஆபரேஷன் இல்லை என்றால் நீ எதற்கு எனக்கு எழுத வேண்டும்? ஒன்பது வருடம் ஒரு வரி இல்லாமல் இருந்தோமே. கீரை ஒரு கிண்ணம் என்று படித்தால் நீ அதைச் சலித்துக்கொண்டே தின்பது எனக்குத் தெரியும். இருபது சுற்று என்று படித்தால் உன் மூச்சு கேட்கும். அது நின்றுபோய்விடும் என்று பயந்தேன். அதற்காக உன்னை எட்டு வாரம் பட்டினி போட்டேன். உன் கன்னம் ஒட்டிப்போனதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபிறகு என்னால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை.

அப்பாவைப் பற்றி இனி நீ எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயந்தாய், அவ்வளவுதானே? எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருடம் உன்னோடு பேசாமல் இருந்ததை மன்னித்துவிடு.

நடத்துநர் போன வாரம் வரவில்லை. அந்த நாற்காலியில் வேறு ஒருவர்.

நீ சாப்பிடு, அண்ணா. வயிறு நிறையச் சாப்பிடு.

உன் சுண்டெலி


ஆகஸ்ட் 19

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டு படித்தேன். அடுப்பில் இருந்த ரொட்டி முழுவதும் கருகிவிட்டது.

கணக்குப் போடாதே என்று எழுதினாய். போட்டுவிட்டேன். மே ஏழிலிருந்து ஜூன் பதினெட்டு வரை நாற்பத்திரண்டு நாள். எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்தத் தொட்டியில்தான் வந்து நிற்கிறது. உன்னால் அதை அழிக்க முடியாது, டாக்டராலும் முடியாது. அது என்னோடு இருக்கட்டும். அதற்கு நீ சமாதானம் சொல்ல வேண்டாம்.

உன்மேல் கோபமும் வந்தது. பட்டினி போட்டதற்கு இல்லை. எட்டு வாரமாகத் தினமும் பத்து கிலோமீட்டர் நடந்தேனே, ஒவ்வொரு சுற்றையும் உன் பக்கம் ஒரு அடி வருவதாக நினைத்துத்தான் நடந்தேன். நடந்து முடித்தால் அதே கேட் வாசலில் நிற்பேன். நீ சொல்லியிருந்தால் ஆறு மணி நேரத்தில் பேருந்து ஏறி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே. எட்டு வாரம், இருபத்துநாலு தடவை நீ அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாய். நான் இங்கே ஒரு மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இதற்காக ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். மறுநாள் திட்ட முடியவில்லை.

ஆபரேஷன் இல்லை என்றால் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கிறாய். கிட்னி கொடுப்பதற்காகவா நான் உனக்கு அண்ணனாகப் பிறந்தேன்? இந்தக் கேள்வியை நீ கேட்கிற மாதிரி நான் இருந்திருக்கிறேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ சொன்னதற்காக நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தேன். அண்ணி ஏழு மாதத்துக்குப் பிறகு எனக்குச் சோறு போட்டாள். இரண்டு வாய் இறங்கியது. இன்று நாலு வாய். தேறிவிடுவேன்.

கடையை அண்ணியும் மாவு பிசைகிறவரும் பார்த்துக்கொள்வார்கள். மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், உங்கள் கூடத்தில் எனக்கு இடம் இருக்கிறதாம். நாளைக் காலை ஆறு மணிப் பேருந்து. எத்தனை நாள் இருப்பாய் என்று மட்டும் கேட்காதே. உனக்கு எத்தனை நாளோ அத்தனை நாள்.

இதைத் தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் வந்து சேரும். அதனால் போடவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். நான் வரும்போது நீ தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மாட்டேன். கண் விழித்ததும் நானே படித்துக் காட்டுகிறேன்.

உன் அண்ணன்